கல்லில் வெட்டிய கட்டளையும் கழுத்தில் விழும் மாலையும்

"பேசினதெல்லாம் சரிதான் தம்பி. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குதே, அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

உத்திரமேரூர் வட்டாரத்து ராஜகுளத்தில் தெருமுனைக் கூட்டம் முடிந்து, மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஐம்பதைக் கடந்த ஒரு கொத்தனார். கருப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர். அந்த ஊர்க் கொடிமேடையைக் கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தவர். கூட்டம் என்றால் அன்றைய கூலியை இழந்தேனும் வந்து நிற்பவர். அவர் கேட்ட கேள்விதான் அது.

அவருடைய மகள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வயது இருபத்து மூன்று. கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பெண், அதே பஸ்ஸில் வரும் ஒரு பையனைத் தன் துணைவனாகத் தேர்ந்தெடுத்துவிட்டாள். பையன் பக்கத்து ஊர்க் காலனியைச் சேர்ந்தவன். "காலனி" என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது. டீக்கடைக்காரர் காதில் விழுந்துவிடக்கூடாதே என்ற அச்சம்!

மேடையில் ஒன்றரை மணி நேரம் முழங்கியிருந்தேன் நான். சாதி சாயவேண்டும், பெண் நிமிரவேண்டும் என்றேன். முதல் வரிசையில் நின்று கைதட்டியவர் அவர். தட்டிய கைகள் இப்போது ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

தோழர்களே, இந்தக் கேள்வியைக் கேட்டவரைக் கோழை என்று ஏசிவிடுவது எளிது. "கொள்கையில் உறுதி இல்லை" என்று முத்திரை குத்திவிட்டு, அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் புறப்பட்டுவிடலாம். நாம் போய்விடுவோம். அவர் அந்த ஊரில் அல்லவா வாழவேண்டும்? அந்தக் கிணற்றில் அல்லவா நீர் எடுக்கவேண்டும்? செத்தால் அந்தத் தெருக்காரன் தோளில் அல்லவா போகவேண்டும்? ஆகவே கேள்வியை உரிய மரியாதையோடு எடுத்துக்கொள்வோம். தனி மனிதனுடைய உரிமைக்கும் ஊர் வகுத்த ஒழுக்கத்துக்கும் மோதல் வந்தால், எது எதற்கு வழிவிட வேண்டும்?

ஒழுக்கமே வேண்டாம் என்று சொல்பவனல்லன் நான். திருடாதே என்கிறது ஊர். சரி என்கிறேன். ஏமாற்றாதே, ஏழை வயிற்றில் அடிக்காதே, குடித்துவிட்டுப் பெண்டாட்டியை உதைக்காதே என்று ஊர் சொன்னால் நூறு முறை சரி என்பேன். (சொல்கிறதா என்பது வேறு விஷயம்!) இவற்றிலெல்லாம் அடிபடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கண்ணீர் சாட்சி சொல்கிறது. ஆனால் வயது வந்த ஒரு பெண்ணும் வயது வந்த ஓர் ஆணும் மனமொத்து மாலை மாற்றிக்கொண்டால் அடிபடுகிறவர் யார்? யாருடைய பானையில் சோறு குறைகிறது? யாருடைய வயலில் நீர் வற்றுகிறது? "மானம் போகிறது" என்கிறார்கள். யார் மானம்? அவள் எடுத்த முடிவில் இவன் மானம் எப்படிப் போய் ஒட்டிக்கொண்டது?

கொத்தனாரிடம் அன்றிரவு நான் ஒரு கல்லைப் பற்றிச் சொன்னேன். கல் அவருக்குத் தெரிந்த பொருள். இந்தக் கல்லும் தொலைவில் இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய சாசனங்கள். குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டுகளைப் பார்க்க வெளிநாட்டாரும் வருகிறார்கள். பெருமைதான். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று ஆட்களை அமர்த்தினார்கள். கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை இடமில்லை. அவன் உறவினருக்கும் இடமில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கண்டிப்பு! இதைப் படிக்கும்போது என் தோளும் நிமிரத்தான் செய்கிறது.

ஆனால் தோழர்களே, கல்வெட்டை முழுவதும் படிக்கவேண்டும் அல்லவா? யாருடைய பெயர் ஓலையில் ஏறும் என்று 921 ஆம் ஆண்டுக் கல் சொல்கிறது. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்கவேண்டும். வேதம் ஓதத் தெரிந்திருக்கவேண்டும். அது சதுர்வேதிமங்கலம், அந்தணர் சபை. ஏரி வெட்டியவன் பெயர் ஏரி வாரியக் குடத்தில் விழாது. நாற்று நட்டவள் பெயருக்கு ஓலையே கிடையாது.

அடுத்து வருகிறது ஒழுக்கப் பட்டியல். மகாபாதகம் செய்தவனுக்கு இடமில்லை. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கு இடமில்லை. சரி. அதே மூச்சில், தின்னக்கூடாததைத் தின்றவனுக்கு இடமில்லை. கழுதை ஏறியவனுக்கு இடமில்லை. தாழ்ந்தவர்களோடு சேர்ந்ததனால் பதிதனானவனுக்கு, பிராயச்சித்தம் செய்துகொள்ளும் வரையில் இடமில்லை!

பார்த்தீர்களா? திருட்டும் சேர்க்கையும் ஒரே பட்டியலில்! பிறர் பொருளைப் பறித்தவனும், பிற குலத்தானோடு பழகியவனும் பக்கத்துப் பக்கத்து வரியில்! ஒழுக்கம் என்ற ஒரே மூட்டையில் நெல்லையும் கல்லையும் கலந்து கட்டிவிட்டார்கள். நெல்லுக்காக மூட்டையைத் தலையில் சுமந்தோம். கல்லையும் சேர்த்தே சுமந்தோம். இன்று கல்லில் வெட்டுகிற சிற்பி இல்லை. வாட்ஸ்ஆப்பில் வெட்டுகிறான், சாதிச் சங்கத்து இளைஞன். வாசகம் மட்டும் மாறவில்லை: "சேர்ந்தால் விலக்கு. பிராயச்சித்தம் செய்தால் சேர்ப்பு."

சிற்றூர்களே இந்தியாவின் ஆன்மா, பண்டைய கிராமக் குடியரசுகளின் மீதுதான் புதிய நாட்டை எழுப்பவேண்டும் என்று சிலர் அரசியல் நிர்ணய சபையில் உருகியபோது, 1948 நவம்பர் 4 அன்று டாக்டர் அம்பேத்கர் எழுந்து, அறியாமைக்கும் குறுகிய மனத்துக்கும் வகுப்பு வெறிக்கும் கூடாரம் அல்லவா அந்தக் கிராமம் என்று கேட்டார். தனி மனிதனையே அடிப்படை அலகாகக் கொண்டதற்கு மகிழ்வதாகவும் சொன்னார். அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். அரசியல் சட்டத்தின் ஒழுக்கம் என்பது தானாக முளைக்கும் பயிரல்ல, நம் மக்கள் இனிமேல்தான் அதைக் கற்கவேண்டும் என்றார். ஊர் ஒழுக்கம் ஒன்று, சட்ட ஒழுக்கம் ஒன்று, இரண்டும் ஒன்றல்ல என்பதை அவர் அன்றே கோடு கிழித்துக் காட்டிவிட்டார்.

ஊர் ஒழுக்கம் என்றைக்கும் மாறாதது என்பாரும் உண்டு. கணவன் பிணத்தோடு மனைவியை எரிப்பது ஒழுக்கம் என்றிருந்தது. 1829ல் சட்டம் வந்தது. விதவைக்கு மறுமணம் கேடு என்றிருந்தது. 1856ல் சட்டம் வந்தது. பத்து வயதுச் சிறுமியின் உடலைப் பன்னிரண்டு வயது வரையிலாவது காப்போம் என்று 1891ல் ஒரு சட்டம் வந்தபோது, மதம் போச்சு, மானம் போச்சு என்று கூக்குரல் எழுப்பியவர்கள் படிக்காதவர்களல்லர். திலகர் போன்ற தலைவர்களே எதிர்த்து நின்றனர்! இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளில் எவரேனும் பத்து வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவார்களா?

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். உத்திரமேரூரும் காஞ்சியும் அன்று செங்கற்பட்டு ஜில்லா. அந்தச் செங்கற்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், விதவைக்கு மறுமணம் வேண்டும், துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டும், ஒத்துவராவிட்டால் பிரியவும் உரிமை வேண்டும் என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். கொத்தனாரின் பாட்டனார் காலம் அது! அதற்கு முந்திய ஆண்டே, 1928ல், அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்திருந்தது.

பிறகு ஊர் ஊராக நடந்தன இந்தத் திருமணங்கள். ஊர் சிரித்தது, உறவு விலகியது. அதைத் தாங்கினார்கள். ஆனால் 1953ல் விழுந்ததே ஓர் அடி! 1934ல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் பற்றிய வழக்கில், சடங்கும் இல்லை, வழக்கமும் இல்லை, ஆகவே இது இந்து சட்டப்படி திருமணமே ஆகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒரு தீர்ப்பால், மேடையேறி மாலை மாற்றி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்த எத்தனை பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லாதவர்கள் ஆனார்கள்! சொத்து கேட்டுப் போனால், "நீ யார்?" என்ற கேள்வி. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் ஏளனப் பார்வை. ஒழுக்கம் கெட்டவர்களா அவர்கள்? ஒருவனுக்கு ஒருத்தியாய், உலகறிய வாழ்ந்தவர்கள். ஓமம் வளர்க்கவில்லை. அந்த ஒரு குற்றம்!

பதினான்கு ஆண்டுகள் அந்தப் பழி நின்றது. 1967ல் காஞ்சிபுரத்துப் பிள்ளை அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டு நவம்பரில் சட்டசபையில் இந்து திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறியது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரிவு 7அ. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் "இவரைத் துணையாக ஏற்கிறேன்" என்று சொன்னால் போதும். மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். தாலி கட்டினாலும் சரி. முதலில் எழுதிய மசோதாவில் "மற்றும்" என்றிருந்ததை "அல்லது" என்று ஆக்கும்படி பெரியார் சொன்னார், அண்ணா ஏற்றார் என்று மூத்த தோழர்கள் சொல்வார்கள். ஒரு சொல்தான்! "மற்றும்" என்றால் தாலி கட்டாயம். "அல்லது" என்றால் அது அவரவர் விருப்பம். எவருக்கும் கட்டாயமில்லை, எவருக்கும் தடையுமில்லை. தனி மனித உரிமை என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

அதுமட்டுமா? இதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது சட்டம். வயதான தாய்மார்கள், தாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மனைவியாகிவிட்டதைச் சட்டத்தின் வாயால் கேட்டார்கள்.

அதே 1967ல், ஜூன் மாதம், கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் ஒரு தீர்ப்பு. ரிச்சர்டு லவ்விங் வெள்ளைக்காரர். மில்ட்ரெட் கருப்பினப் பெண். 1958ல் வாஷிங்டனில் மணந்துகொண்டு, சொந்த ஊரான வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். நள்ளிரவில் படுக்கையறைக்குள் நுழைந்தது போலீஸ். ஓராண்டுச் சிறை, மாநிலத்தைவிட்டு வெளியேறி இருபத்தைந்து ஆண்டு இருவரும் சேர்ந்து திரும்பாவிட்டால் தண்டனை நிறுத்தம் என்றார் நீதிபதி. இறைவன் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தது, கலக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்றும் எழுதினார்! நம்மூர் சாத்திரிகள் கடல் கடந்து போய் அங்கு உட்கார்ந்துவிட்டார்களோ என்று தோன்றவில்லையா? ஒன்பதாம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது.

"எல்லாம் சரி தம்பி, சட்டம் வந்திடுச்சு. அவனவன் தன் இஷ்டத்துக்கு ஆடினா?" என்றார் கொத்தனார். நல்ல கேள்வி. இரண்டு குழந்தைகளோடு மனைவியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போகிறவனும் "என் உரிமை" என்றுதான் சொல்கிறான். அது உரிமையல்ல, மோசடி. சுயமரியாதைத் திருமணம் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் இரு கையெழுத்து உண்டு. ஒரு வழக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். மனைவி உயிரோடு இருக்க, நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இரண்டாவது திருமணம் செய்துகொண்டார். முதல் மனைவி நீதிமன்றம் ஏறினார். அந்த மனிதர் சொன்ன வாதம் என்ன தெரியுமா? "இரண்டாவது திருமணத்தில் சப்தபதி நடக்கவில்லை, ஏழடி நடக்காதது திருமணமே அல்ல, ஆகவே நான் குற்றவாளியல்லன்!" சாத்திரத்தின் முந்தானையில் ஒளியப் பார்த்தார். 2001ல் உச்சநீதிமன்றம், 7அ பிரிவுப்படி அது செல்லும் திருமணமே, ஆகவே இருதாரக் குற்றமே என்றது. விடுதலை தந்த பிரிவே விலங்கும் மாட்டியது! சாத்திரம் தப்பவிட இருந்தவனைச் சட்டம் பிடித்தது.

பெற்றவர்களுக்குப் பேச்சே இல்லையா என்பார்கள். உண்டு. பையன் குடிகாரனா, கடன்காரனா, முன்பே மணமானவனா என்று விசாரிக்கப் பெற்றவனுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. கோபிக்கலாம். அழலாம். ஆறு மாதம் பேசாமலும் இருக்கலாம். பூட்டி வைக்கும் உரிமை இல்லை. அடிக்கும் உரிமை இல்லை. அரிவாளைத் தொடும் உரிமை அறவே இல்லை.

அரிவாள் என்றதும் உங்கள் நினைவு எங்கு போகும் என்று எனக்குத் தெரியும். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பட்டப்பகலில், ஆள்நடமாட்டம் நிறைந்த பேருந்து நிலையத்தருகே, சாதி கடந்து மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்ற பொறியியல் மாணவரை வெட்டிச் சாய்த்தார்கள். இளம் மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். கண்காணிப்புக் கேமராவில் நாடே பார்த்தது. பெரியார் பிறந்த மண் என்று மார்தட்டுகிறோமே, அந்த மண்ணில்! 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம், வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ குலத்தின் சம்மதமோ தேவையில்லை என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லி, மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைத்துக் காக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. அப்படியும் 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் பொறியாளர் வெட்டுண்டு விழுந்தார். சாதி கடந்த காதலே காரணம் என்று தமிழகம் கொதித்தது. அவ்வாண்டு அக்டோபரில், ஆணவக் கொலையைத் தடுக்கச் சட்டம் இயற்றுவது பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

இந்த அரிவாள் பயத்தால்தான் சில பிள்ளைகள் ஊரறிய மணக்க முடியாமல், வழக்கறிஞர் அறையில் இரண்டு நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். ரகசியமாகச் செய்தால் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2014ல் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. பந்தல் போட்டுப் பறையறிவித்தால்தான் திருமணம் என்றால், உயிருக்கு அஞ்சி ஓடுகிறவர்கள் எங்கே பந்தல் போடுவார்கள்? வழக்கறிஞர் அந்தத் தொழில்முறையில் திருமணத்தை நடத்தி வைக்கக்கூடாதே தவிர, நண்பராக நிற்கத் தடையில்லை என்றது. வெவ்வேறு மதத்தவர் பாடு இன்னும் கடினம். 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்பு ஒட்டவேண்டும். அரிவாளுக்கு விலாசம் எழுதி ஒட்டுவது போலத்தான் அது என்பது என் கருத்து.

இனி, கசப்பான ஒன்று. வேறெவரையும் அல்ல, நம்மைப் பற்றியே. மேடையில் நாம் சாதியை வெட்டிப் புதைக்கிறோம். வீட்டுக்கு வந்தால் மகளுடைய செல்போனைப் பிடுங்கிப் பார்க்கிறோம். மகன் குடித்துவிட்டு வந்தால் "வாலிப வயசு" என்கிறோம். மகள் ஒருவனோடு பேசினால் "குடும்ப மானம்" என்கிறோம். ஊரின் மானக் கணக்கு முழுவதும் பெண்பிள்ளைகள் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. செலவு செய்கிறவன் மட்டும் ஆண்! தொழிற்சங்கக் கூட்டத்தில் "முதலாளி என் உழைப்பை வாங்கலாம், என்னை வாங்க முடியாது" என்று முழங்கும் தோழர், தன் மகளைத் தன் உடைமை என்று எண்ணுவதேன்? நானும் இதற்கு விலக்கல்லன். என் தங்கை தன் விருப்பத்தைச் சொன்ன நாளில் நான் மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை. பையன் நல்லவனா என்று நான் கேட்கவில்லை, தோழர்களே. "யாரு ஆளுங்க?" என்றுதான் கேட்டேன். பத்தாண்டுகளாகச் சாதி ஒழிப்பைப் பேசிய வாய் அது. இன்றும் அந்தக் கேள்வி என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இதைக் கொத்தனாரிடமும் சொன்னேன். மேடையில் நான் சொன்ன எதையும்விட அதைத்தான் அவர் கவனமாகக் கேட்டார்.

"அண்ணே, ஊருக்குப் பதில் சொல்லணும்னு சொன்னீங்களே. ஊருல உங்ககிட்ட மூஞ்சிக்கு நேரா கேட்கப்போறவங்க எத்தனை பேரு? விரல் விட்டு எண்ணுங்க" என்றேன்.

எண்ணினார். அண்ணன், இரண்டு பங்காளிகள், சாதிச் சங்கத்துக்காரர் ஒருவர். ஐந்தாவது விரல் மடங்கவில்லை.

"இந்த நாலு பேருக்குத்தான் ஊருன்னு பேரா?" என்றேன். சிரித்தார். சிரித்தாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க பேசிட்டுப் பஸ் ஏறிடுவீங்க" என்று சொல்லிவிட்டு, மொபெட்டை உதைத்து இருட்டுக்குள் போய்விட்டார். அன்றிரவு முழுவதும் அந்தப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மைதானே? பஸ் ஏறித்தான் வந்தேன்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி மணி. அவர்தான்.

"தம்பி, அந்தப் பையனை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன். சாப்பிடத்தான். அண்ணன் வரமாட்டேன்னுட்டாரு. வரலைன்னா போகட்டும். நீங்க வந்தீங்கன்னா நல்லாயிருக்கும்… கறி எடுக்கட்டுமா, மீனான்னு வீட்ல கேக்கறா."

மீன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடிக்கவேண்டும்.